அந்த ஊரைப் பச்சையாக்காதீர்கள்

என் மேசைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும்,

கொம்பியூட்டரின் கடவுச்சொல்லையும் தரவுகள் இருக்கும் இடத்தையும் தந்துவிட்டேன். கணிப்பு மொடலை எப்படி ஓடவிடுவது என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. என்னைவிட நீங்கள் அண்மையில் படித்து வந்தவர்கள். படிப்பில் இல்லாத சிலவற்றை எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. எழுதத் தொடங்கி இரண்டு தரம் அழித்தேன். புதிதாக வருகிறவர்களை ஏன் முதல் நாளே மனம் நோகச் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம். சொல்லாமல் போனால் அது இன்னொரு பிழை என்று மறுபக்கம். இப்போதும் எது சரி என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆளில்லை என்று விலகல் கடிதத்தில் எழுதினேன். அது பொய்யில்லை. முழுக் காரணமும் இல்லை.

நம் வேலை சொல்வதற்கு இலகுவானது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எச்.ஐ.வி தொற்று இனி எங்கே கூடக்கூடும் என்று தரவுகளை வைத்துக் கணிப்பது. அதைப் பார்த்து, நம்மிடம் இருக்கும் ஒரேயொரு நடமாடும் கிளினிக் வானை எங்கே அனுப்புவது, யாரிடம் முதலில் பேசுவது என்று முடிவெடுப்பது. இங்கே தொற்றுள்ளவர்கள் மிகக் குறைவு. கேட்க நல்ல செய்தி. கணிக்கிறவருக்கு அதுதான் இடைஞ்சல். ஆட்கள் குறைவாக இருக்கும் இடத்தில் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தைத் தேட ஊரே காத்திருக்கிறது.

நான் சேர்ந்த புதிதில், மொடல் காட்டிய ஒரு கிராமத்துக்கு வானைக் கொண்டுபோய்ச் சந்தியில், கூட்டுறவுக் கடைக்கு எதிரே நிறுத்தினோம். ஊர் சரியான ஊர்தான். ஆனால் வானுக்குள் யார் ஏறுகிறார்கள் என்பது பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். காலை முழுவதும் ஒருவரும் வரவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் வந்து பிரஷர் பார்ப்பீர்களா என்று கேட்டார். வானை ஓட்டும் அண்ணை ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“மிஸ், வானை எந்த மரத்துக்குக் கீழ விடுறதெண்டு உங்கடை மொடலிட்டை ஒருக்காக் கேளுங்கோவன்.”

அந்த அண்ணையை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை. அடுத்த கிழமை சந்திப்பீர்கள். கேலி பண்ணுவார். கோபிக்க வேண்டாம். இந்த அலுவலகத்தில் அதிகம் பறிகொடுத்தவர் அவர். நான் எழுதுவதும் அவரைப் பற்றித்தான்.

அண்ணையின் ஊர் கரையோரத்தில் இருக்கிறது. பெயர் எழுதமாட்டேன். வானுக்குள் ஒருவரும் ஏறாத அந்த நாளுக்குப் பிறகு, தன் ஊரில் செய்து பார்ப்போம் என்று அவர்தான் சொன்னார். ஊர் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்டப் போட்டியன்று மைதானத்தின் மூலையில் பந்தல் போட்டோம். சீனி, பிரஷர், எச்.ஐ.வி எல்லாம் ஒரே வரிசையில், யார் எதற்கு நிற்கிறார்கள் என்று தெரியாதபடி. அணித்தலைவர் காலணியைக் கழற்றாமலே வந்து முதல் ஆளாகக் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் முழு அணியும், தோற்ற அணியும், பார்க்க வந்தவர்களும். பெண்கள் பின்னேரம் தாங்களாகவே வந்தார்கள். குடாநாட்டில் எந்த ஊரிலும் அப்படி ஆட்கள் வந்ததில்லை. அன்று திரும்பி வரும்போது அண்ணை வழியெல்லாம் பாட்டுப் பாடினார்.

நிறையப் பேரைப் பரிசோதித்தால் ஓரிருவருக்குத் தொற்று இருப்பது தெரியவரும். அப்படித்தான் தெரியவந்தது. சிகிச்சை தொடங்கியது. அவர்கள் நன்றாக இருக்கிறார்கள். பரிசோதனையின் நோக்கமே அதுதான்.

ஆனால் மொடலுக்கு நோக்கம் தெரியாது. எண்தான் தெரியும். மற்ற ஊர்களில் ஆட்கள் வரவில்லை, அதனால் தொற்றும் பதிவாகவில்லை. இந்த ஊரில் வந்தார்கள், பதிவானது. அடுத்த வரைபடத்தில் அந்த ஊர் மட்டும் சிவப்பாக நின்றது. என்னுடைய ஊரும் படத்தில் இருந்தது. வலிகாமத்துத் தோட்டக் கிராமம். நல்ல பச்சை. அங்கே ஒருவர்கூடப் பரிசோதனைக்கு வந்ததில்லை.

சிவப்பு என்பது நமக்கு ஒரு வேலைக்குறிப்பு. இங்கே இன்னொரு தரம் போ, இங்கே மருந்துக்குத் தட்டுப்பாடு வராமல் பார் என்பதுதான் அதன் பொருள். அந்தப் படம் நாலு பேர் மட்டும் பார்க்க வேண்டியது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒருங்கிணைப்புக் கூட்டம் வந்தபோது எங்கள் பணிப்பாளர் அதைத் திரையில் போட வேண்டும் என்றார். ஊர் எல்லைகளை எடுத்துவிட்டுப் பெரிய பிரிவுகளாகச் சேர்த்துத் தருகிறேன் என்று கேட்டேன். எழுத்திலும் கேட்டேன். பொறுப்பு வைத்தியரும் எனக்காகக் கதைத்தார். “சேர்த்தால் ஒண்டும் தெரியாது பிள்ளை. தெளிவாக இருக்கவேணும்” என்றார் பணிப்பாளர். தெளிவாகவே இருந்தது. பின்வரிசையில் யாரோ போனைத் தூக்கினார்கள். பின்னேரம் நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே படம் அப்போது எங்களோடு இருந்த என் மாமியின் போனுக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் லண்டனில் இருக்கும் அவருடைய சகோதரி. நான் செய்த படம் என்று மாமிக்குத் தெரியாது. “உந்த ஊரைப் பாத்தியளே” என்று எனக்கே காட்டினார்.

அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். அதையும் சொல்ல வேண்டும், பிறகு வரும்.

யாருக்கு என்று ஊர் தேடத் தொடங்கியது. கடை வைத்திருந்த ஒருவர் டெங்குக் காய்ச்சலில் படுத்து எழும்பி மெலிந்திருந்தார். அவர் கடையில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். அவருடைய மனைவி நேரே அலுவலகத்துக்கு வந்து, இவருக்கு அது இல்லை என்று ஊரில் வந்து சொல்லுங்கள் என்று அழுதார். பொறுப்பு வைத்தியர் சொல்லவில்லை. அவரை நாங்கள் எல்லோரும் டொக்டர் என்றுதான் அழைப்போம். ஓய்வுக்கு நெருங்கியிருந்த அம்மா. கடுமையான வாய். எனக்கு அன்று அவரைப் பிடிக்கவேயில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்ல என்ன தடை என்று கேட்டேன்.

“நீர் கணக்குப் படிச்சனீர்தானே. இவருக்கு இல்லை எண்டு சொன்னால் ஊரிலை மிச்ச ஆக்களின்ரை பங்கு கூடுமோ குறையுமோ? நாளைக்கு அடுத்தவர் வருவார், அவருக்கும் சொல்லுறன். கடைசியிலை நான் வாயைத் திறக்காத ரெண்டு பேர் மிஞ்சுவினம். அவையை நானே காட்டிக் குடுத்ததாய் முடியும்.”

கடைக்காரர் பிறகு கடையைப் பூட்டிவிட்டு மனைவியின் ஊருக்குப் போனார்.

அண்ணைக்கு ஒரு தங்கை. முன்பள்ளி ஆசிரியை. கனடாவில் இருக்கும் ஒருவருக்குப் பேசி, பொருத்தம் பார்த்து, எல்லாம் முடிந்து, மாப்பிள்ளை கோயில் திருவிழாவுக்கு வரும்போது எழுத்து என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் எழுத்து என்றால் பதிவுத் திருமணம். அது முடிந்தால்தான் வீசாவுக்குப் போடலாம். படம் கனடாவுக்கும் போனது. மாப்பிள்ளையின் அக்கா அங்கிருந்து போன் எடுத்தார். கோபமாக ஒன்றும் இல்லை, நல்ல மாதிரியாகத்தான் கதைத்தாராம். பிள்ளையில் ஒரு குறையும் சொல்லவில்லை, ஊரைப் பற்றித்தான் யோசனை, ஒரு துண்டு எடுத்து அனுப்பினால் எல்லோருக்கும் நிம்மதி.

துண்டு என்றால் தங்கைக்கு எச்.ஐ.வி இல்லை என்ற வைத்தியச் சான்று.

அண்ணை டொக்டரின் அறைக்கு வந்தபோது நான் உள்ளே இருந்தேன். எழும்பப் போனேன், இருக்கச் சொன்னார். அவர் கேலி பேசாத ஒரே நாள் அது.

“டொக்டர், நான் ஒருநாளும் உங்களிட்டை ஒண்டும் கேட்டதில்லை. என்ரை தங்கச்சிக்கு ஒரு துண்டு தாங்கோ.”

“ரத்தம் எடுக்கலாம் தம்பி. முடிவு அவவுக்குச் சொல்லுறன். துண்டு தரமாட்டன்.”

“ஏன்?”

“இண்டைக்கு உங்கடை தங்கச்சிக்குக் குடுத்தால் நாளைக்கு உங்கடை ஊரிலை கலியாணம் பேசுற எல்லாப் பெட்டையளிட்டையும் துண்டு கேப்பினம். சாதகத்தோடை அதையும் வைக்கவேணும். தர ஏலாத ஒருத்தி வருவாள். அவளை என்ன செய்யிறது?”

“அந்த ஒருத்திக்காக என்ரை ஒருத்தி கலியாணமில்லாமல் இருக்கிறதே?”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“மிஸ், நீங்கள் சிவப்படிச்சனீங்கள். நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். டொக்டரின் கணக்கு சரி. அண்ணையின் கேள்வியும் சரி. வெளியே ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் எடுத்தால் துண்டு தருவார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கேட்டது துண்டை மட்டுமில்லை. தன் ஊரைக் கூட்டிவந்து நம் பந்தலில் வரிசையாக நிறுத்திய மனிதர், அதற்குப் பதிலாக நாம் அவர் பக்கம் நிற்போமா என்று கேட்டார். “டொக்டர் சொல்லுறதுதான் சரி அண்ணை” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வானைக் கழுவப் போனார்.

உங்களுக்கு ஒரு பாடம் எழுத வேண்டுமென்றால் இங்கே எழுதலாம். கொள்கையைக் காப்பாற்றும்போது அதற்கான விலையைக் கொடுப்பவர் கொள்கை வைத்திருப்பவராக இருப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டதால் அடுத்த தரம் வேறு முடிவு எடுப்பேனா என்றால், எடுக்கமாட்டேன். அதுதான் கசக்கிறது.

தங்கை தானே வந்தார். அண்ணையோடு இல்லை, பஸ்ஸில், தனியாக, கிளினிக் நாளில். ரத்தம் கொடுத்தார். முடிவை டொக்டர் அவருக்கு மட்டும் சொன்னார். என்ன முடிவென்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். போகும்போது என் மேசைக்கு முன்னால் நின்றார். படத்தைச் செய்தவள் நான் என்று அண்ணை சொல்லியிருக்க வேண்டும். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அக்கா, கனடா எந்தக் கலர்?” என்று கேட்டார்.

நமது மொடலில் கனடா இல்லை என்றேன்.

“அதுதானே” என்றார். “அப்ப அவரையும் ஒரு துண்டு எடுக்கச் சொல்லுறன்.”

சொன்னார். நேரே மாப்பிள்ளையிடம், வட்சப்பில். எனக்கு நடந்தது சரியென்றால் உங்களுக்கும் நடக்கட்டும், இரண்டு பேரும் எடுத்து இரண்டு பேரும் காட்டுவோம் என்று. நியாயம் அவர் பக்கம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மறுநாள் மாப்பிள்ளையின் அக்கா மறுபடி போன் எடுத்தார். இந்தத் தரம் நல்ல மாதிரியாகக் கதைக்கவில்லை. எங்கள் பிள்ளையைச் சந்தேகப்படுகிற குடும்பத்தில் பெண் எடுக்கமாட்டோம் என்றார். உண்மை இல்லாமலா இப்படித் திருப்பிக் கேட்கிறாள் என்றும் சொன்னாராம். பேச்சு அதோடு நின்றது. அந்தக் கடைசி வசனம் மட்டும் நிற்கவில்லை, ஊருக்கு வந்தது. முன்பள்ளியிலிருந்து சில பெற்றோர் பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள்.

நான் அந்தக் காலத்தில்தான் கர்ப்பிணிகள் கிளினிக்கில் ரத்தம் கொடுத்தேன். எல்லாத் தாய்மாருக்கும் எச்.ஐ.வி பரிசோதனை வழமையாக நடப்பது. எனக்கு இருக்கக்கூடிய சாத்தியம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவள் நான். ஆனாலும் முடிவு வரும் வரை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மருத்துவமாது வேறு ஏதோ விஷயமாக என் பெயரைக் கூப்பிட்டு, “இஞ்சாலை வாங்கோ” என்று தனியே அழைத்தபோது வாங்கில் வரிசையாக அமர்ந்திருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இரும்புச்சத்து குறைவாம். அதைச் சொல்லத்தான் அழைத்தார். நான் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, “இரும்புச்சத்தோ?” என்று திருப்பிக் கேட்டேன். என் வாயில் வந்ததை நானே நம்பவில்லை. நானும் அவர்களிடம் ஒரு துண்டைக் காட்டினேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அண்ணையின் ஊருக்கு வான் போனது. அதே போட்டி, அதே மைதானம். பந்தல் போட வேண்டாம் என்று கழகம் சொல்லிவிட்டது. அணித்தலைவர் எங்களைக் கண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். வீதியில் நிறுத்தினோம். ஒருவரும் வரவில்லை, பிரஷர் பார்க்கக்கூட.

பரிசோதனை இல்லாத ஊருக்கு நம் மொடல் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அயல் ஊர்களைப் பார்த்து ஒரு எண்ணைக் கொடுக்கும். அயல் ஊர்கள் எல்லாம் பச்சை. அந்த ஊரும் பச்சையானது.

பணிப்பாளர் மகிழ்ந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரச் சொன்னார். முதலாவது சிவப்பு, இரண்டாவது பச்சை, நடுவில் ஒரு அம்புக்குறி. தலையீட்டின் வெற்றி. இது வெற்றி இல்லை, ஆட்கள் வராமல் விட்டதுதான் என்று சொன்னேன். டொக்டர் அதற்கு முன்பே ஓய்வுபெற்றுப் போயிருந்தார். என் பக்கம் கதைக்க யாரும் இல்லை. தரவு போதாத ஊரைச் சாம்பல் நிறத்தில் காட்டுவோம் என்றேன். “சாம்பலைப் பாத்தால் வேலை செய்யேல்லை எண்டெல்லோ நினைப்பினம்” என்றார். அம்புக்குறியை வேறு யாரோ போட்டார்கள். வெற்றி கிடைத்த ஊருக்கு வான் இனித் தேவையில்லை என்று வேறு பக்கம் ஒதுக்கினார்கள்.

பிழையான மொடல் என்று நீங்கள் நினைக்கக்கூடும். திருத்தலாம், திருத்துங்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதைச் சேர்த்து ஓடவிட்டால் படம் கொஞ்சம் நேர்மையாகும். நான் அப்படி ஓடவிட்ட பதிப்பும் இருக்கிறது. அதைத் திரையில் போட யாரும் கேட்கவில்லை.

போன கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்து, அண்ணை வானில் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் புத்தூர் தாண்டினோம். பிறகு வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

“மிஸ், உங்கடை படத்திலை எங்கடை ஊர் இப்ப என்ன கலர்?”

“பச்சை அண்ணை.”

சிரித்தார். “அப்ப இனிக் கலியாணம் பேசலாம்.”

தங்கை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவளுக்கு இனிக் கலியாணம் பேச வேண்டாமாம், முன்பள்ளியை விட்டுவிட்டுத் தையல் செய்கிறாள் என்றார். பிறகு தன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னார். சந்தோஷம் என்றேன். எந்தக் கிளினிக்குக்குப் போகிறார் என்று கேட்டேன். வேலைப் பழக்கத்தில் வந்த கேள்வி.

அண்ணை வேகத்தைக் குறைத்தார்.

“யாழ்ப்பாணம் ரவுனுக்கு. பெரியம்மா வீட்டு விலாசத்தைக் குடுத்தனாங்கள். ஊர் விலாசம் குடுக்க அவவுக்குப் பயம்.” கியரை மாற்றினார். “ஊரிலை எல்லாரும் இப்ப அப்பிடித்தான் மிஸ். சில பேர் போறதே இல்லை. உந்த வானை ஓடுறவன் நான். நானே பொய் விலாசம் குடுக்கிறன்.”

என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பிள்ளையைக் கவனமாகப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே மகள் காய்ச்சலோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் ஒருநாள் ஏதாவது ஒரு வரைபடத்தில் ஏதாவது ஒரு நிறத்துக்குள் நிற்பாள். அந்த நிறத்தைக் கொடுப்பவர் அவளைப் பார்த்திருக்கமாட்டார்.

மறுநாள் அலுவலகம் வந்து, கோப்பில் அந்த ஊரைச் சாம்பல் நிறமாக மாற்றிச் சேமித்திருக்கிறேன். இதைச் செய்ய எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று தெரியாது. நாளை மறுநாள் நான் இருக்கமாட்டேன். இதற்கு ஏன் நிறமில்லை என்று உங்களிடம் கேட்பார்கள். பச்சையாக்கச் சொல்வார்கள். மொடலும் அதையே சொல்லும். அங்கே இருக்கும் தாய்மார் யார், எங்கே போகிறார்கள், போகிறார்களா என்பது நமக்குத் தெரியாது, அதனால் நிறமில்லை என்று சொல்லுங்கள். சொல்ல முடியாமல் போனால் உங்களைக் குறைசொல்லமாட்டேன். எனக்கும் முடியவில்லை.

அண்ணையின் மனைவிக்கு இன்னும் கொஞ்ச நாளில் பிள்ளை பிறக்கும். எந்த ஊர்ப் பிள்ளை என்று தரவில் பார்த்தால் தெரியாது. அண்ணையிடம் கேட்காதீர்கள்.